கல்லூரியில் விளையாடும் பிள்ளைக்குப் பணம் வரப்போகிறதா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வருடம் எங்கள் வீட்டில் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குக்கூடப் போகவில்லை, "பையன் எப்படி ஆடறான்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். இப்போது எழுதக் காரணம், தெரிந்த குடும்பங்களில் இந்த வருடம் பிள்ளைகள் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் கல்லூரிக்குப் போகிறார்கள். அந்தப் பெற்றோர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் "மாசம் எவ்வளவு வரும்?" என்பது ஒன்றுதான். எங்களுக்குப் போனது எவ்வளவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்: 18,400 டாலர். பையன் விளையாட்டுப் பந்தயத்தில் கட்டித் தோற்றது 3,400, வக்கீலுக்கு 4,500, கல்லூரி தந்துவந்து நிறுத்திய மாதப் பணம் 10,500. வரி தனி.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிட்வெஸ்ட் பக்கம். பையனுக்கு 20 வயது, ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, கல்லூரி ஆட்டத்தின் மேல்நிலையான டிவிஷன் 1-இல் ஃபுட்பால் டீமின் கிக்கர். நம் ஊர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம். இவன் மோத மாட்டான், பந்தை உதைக்க மட்டும் ஆட்டத்துக்கு நாலைந்து தடவை உள்ளே போவான். சின்ன வயதிலிருந்து சாக்கர் ஆடியவன். ஹைஸ்கூலில் ஃபுட்பால் கோச் இவன் கார்னர் கிக் அடிப்பதைப் பார்த்து, "எங்க டீமுக்கு வா, பந்தை உதைச்சா போதும்" என்று இழுத்துக்கொண்டார். எனக்கு அந்த ஆட்டத்தின் விதிகள் பாதி இன்னும் புரியாது. மூன்று மஞ்சள் கம்பிகளுக்கு நடுவே பந்து போனால் எழுந்து கைதட்டுவேன், அவ்வளவுதான்.

பணம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. பல்லாண்டுகளாக, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., வீரர்களுக்குப் படிப்புச் செலவைத் தாண்டி எதுவும் தரக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே, ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றாயிற்று. இதைத்தான் எல்லோரும் என்.ஐ.எல். என்கிறார்கள். பிறகு 2025 ஜூனில், வீரர்கள் போட்ட ஹவுஸ் என்ற வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் பாக்கி, அதோடு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். 2025-26க்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இந்தத் தொகையைப் படித்துவிட்டு நம் ஆட்கள் கண்ணை அகல விரிக்கிறார்கள். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பேஸ்கட்பாலுக்கும் போகிறது, ஃபுட்பாலுக்குள்ளும் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மாதிரி சிலருக்குத்தான் அள்ளிக் கொடுக்கிறார்கள். என் மகனுக்கு வந்தது மாதம் 1,500. அதுவே அவனுக்குப் பெரிய தொகை, எனக்கும்தான், பொய் சொல்வானேன். முதல் மாதம் பணம் வந்த அன்று அவன் அப்பாவுக்கு வீடியோ காலில் பேங்க் பேலன்ஸைக் காட்டினான்.

அந்த ஒப்பந்தம் பதினோரு பக்கம். பையன் போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான், 18 தாண்டியதால் எங்கள் கையெழுத்து தேவையில்லை. அதில் ஆறாவது பக்கத்தில் ஒரு வரி: எந்தக் காரணத்தாலாவது ஆடும் தகுதி போனால் அன்றிலிருந்து பணம் நிற்கும். காயம், ஒழுங்கு நடவடிக்கை, படிப்பில் சறுக்கல் எல்லாம் ஒரே கூடையில். இன்னொரு வரி, ஏற்கெனவே கொடுத்ததையும் திரும்பக் கேட்கலாம் என்பது. நல்லவேளை, எங்களிடம் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு ஒப்பந்தம் வந்தால் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள், எப்போது நிற்கும், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், டீம் மாறினால் என்ன ஆகும் என்று இந்த மூன்றையும் தேடுங்கள். ஒரு மணி நேரம் வக்கீலிடம் படிக்கக் கொடுத்தால் 300, 400 டாலர் ஆகும். அதைக் கொடுத்துவிடுங்கள்.

வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம் என்பதற்கு எங்கள் கதை தேவையில்லை. 2024 செப்டம்பரில் யு.என்.எல்.வி. என்ற லாஸ் வேகஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா மூன்று ஆட்டங்கள் ஜெயித்துக் கொடுத்த பிறகு டீமைவிட்டு விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், வரவில்லை என்பது அவர் தரப்பு. இன்னொரு பக்கம், எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடிய கெர்வான் டெக்ஸ்டர் 2022-ல் ஒரு நிதி நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். பதிலுக்கு, பின்னால் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இல் சம்பாதிப்பதில் வரிக்கு முந்தைய 15 சதவீதம், 25 வருடத்துக்கு. பிறகு அதை எதிர்த்து வழக்குப் போட வேண்டி வந்தது. எங்களிடமும் ஒரு ஏஜென்ட் வந்தார், உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரிடம் 2,000 டாலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்து 400-ஐ எடுத்துக்கொண்டார். அது பரவாயில்லை. கல்லூரி தரும் மாதப் பணத்திலும் 20 சதவீதம் கேட்டார், அவர் அதில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. மாட்டேன் என்று சொன்னதும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். வெளியாளிடம் 600 டாலரோ அதற்கு மேலோ வாங்கும் எந்த விளம்பர ஒப்பந்தத்தையும் இப்போது என்.ஐ.எல். கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். அது ஏஜென்ட் வேலை என்று பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மறந்தால் மாட்டுவது பையன்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அவனை ஊழியராக வைத்துக்கொள்ளவில்லை, அதனால் பிடித்தம் இல்லாமல் முழுப் பணமும் வந்தது. ஐந்து மாதத்தில் 7,500, விளம்பரம் 2,000. "ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனுக்குள்ளதானே, வரி கிடையாது" என்று ஆபீஸில் ஒரு நண்பர் சொன்னார். அது வரி போடாமல் கழித்துவிடும் அடிப்படைத் தொகை, அதற்குள் இருப்பதால் வருமான வரி கிடையாதுதான். ஆனால் சுயதொழில் வரி என்று ஒன்று இருக்கிறது, நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே 15.3 சதவீதக் கணக்கு ஆரம்பித்துவிடும். ஏஜென்ட் எடுத்ததைக் கழித்தும் 1,280 டாலருக்கு மேல் வந்தது. ஏப்ரலில் அதைக் கட்டும்போது அவன் கணக்கில் அவ்வளவு இல்லை. மாதம் பணம் வந்த உடனே கால்வாசியை வேறு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள், அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டு வேண்டாம். இலவசமாகக் கொடுக்கும் ஷூ, கார், சாப்பாட்டுக் கூப்பன்கூட வருமானமாகக் கணக்கில் வரும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பர் கடைசியில் சொந்த ஊர் மைதானத்தில் ஒரு ஆட்டம். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, எங்கள் டீம் நாலு பாயின்ட் முன்னிலை. 41 கஜத்திலிருந்து ஃபீல்ட் கோல் அடிக்க இவன் போனான், உள்ளே போனால் மூன்று பாயின்ட். பந்து வலப்பக்கக் கம்பியில் பட்டு வெளியே போய்விட்டது. அதனால் ஒன்றும் ஆகவில்லை, எதிர் டீமால் கோல் போட முடியவில்லை, நாலு பாயின்ட்டில் ஜெயித்தோம். பாட்டு, கூச்சல், கோச் வந்து இவன் ஹெல்மெட்டில் தட்டிவிட்டுப் போனார். நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் இவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வந்தவன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். அது அதிர்ந்துகொண்டே இருந்தது, தண்ணீர் டம்ளர் நகர்கிற அளவுக்கு. என்னடா என்று எடுத்துப் பார்த்தேன். இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஆட்கள் நூற்றுக்கணக்கில். செத்துப் போ என்று ஒருவன். வந்த நாட்டுக்கே போ என்று இன்னொருவன், இவன் பிறந்தது இங்கேதான். பணம் அனுப்பும் ஆப்பில் "உன்னால் போச்சு, 800 டாலர் அனுப்பு" என்று கோரிக்கைகள், 50 டாலர் கேட்டவர்களும் உண்டு. ஒருவன் இவன் தங்கியிருக்கும் தெருவின் பெயரைப் போட்டு, மறக்காமல் கதவைப் பூட்டிக்கொள் என்று எழுதியிருந்தான்.

"ஜெயிச்சாச்சேடா, அப்புறம் எதுக்குத் திட்டறாங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் ஸ்ப்ரெட் என்ற சொல்லை முதல்முறை கேட்டேன். பந்தயக் கம்பெனிகள் யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, எத்தனை பாயின்ட் வித்தியாசத்தில் என்பதற்கும் வாங்குகின்றன. அன்று எங்கள் டீமுக்குப் போட்டிருந்த ஸ்ப்ரெட் ஆறரை. அந்த உதை உள்ளே போயிருந்தால் ஏழு பாயின்ட்டில் ஜெயித்திருப்போம், எங்கள் பக்கம் பணம் கட்டியவர்களுக்குக் காசு. வெளியே போனதால் டீம் ஜெயித்தும் அவர்கள் தோற்றார்கள். மைதானத்தில் ஒரு ஆட்டம் நடக்கிறது, அதே நேரம் லட்சக்கணக்கான போன்களில் வேறொரு ஆட்டம் நடக்கிறது, அந்த இரண்டாவது ஆட்டத்தில் என் பையன் குற்றவாளி.

சூதாட்டம் என்றால் நமக்கு நினைவு வருவது ஐ.பி.எல். விவகாரமும், சென்னை அணி இரண்டு வருடம் வெளியே உட்கார்ந்ததும்தான். அது மறைவில் நடந்த சங்கதி. இங்கே எல்லாம் வெளிச்சத்தில், சட்டப்படி. 1992-இல் கொண்டுவந்த கூட்டாட்சித் தடையை 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, நியூ ஜெர்ஸி மாநிலத்துக்கும் என்.சி.ஏ.ஏ.-வுக்கும் நடந்த வழக்கில். இன்று 35-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பந்தயம் கட்டலாம். 2018-இல் பந்தயத்துக்குக் கதவு திறந்தது, 2021-இல் வீரர்களுக்குப் பணம் வரும் கதவு திறந்தது. இரண்டும் பிள்ளையின் அதே போனுக்குள்தான் வந்து சேர்கின்றன. 2023-இல் என்.சி.ஏ.ஏ. எடுத்த கருத்துக்கணிப்பில் 18 முதல் 22 வயதுக்காரர்களில் 58 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் விளையாட்டுப் பந்தயத்தில் ஈடுபட்டிருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலான மாநிலங்களில் சட்ட வயது 21 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். தனிப்பட்ட ஒரு கல்லூரி வீரர் எத்தனை பாயின்ட் எடுப்பார் என்பதன் மேல் கட்டும் பந்தயத்தை எங்கும் நிறுத்த வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் கேட்டு வருகிறார். ஒஹாயோ, மேரிலாந்து, வெர்மான்ட், லூசியானா மாதிரி சில மாநிலங்கள் நிறுத்திவிட்டன. உங்கள் பிள்ளை ஆடும் மாநிலத்தில் நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த மாதிரி மெசேஜ் வந்தால் செய்ய வேண்டியது: பதில் போடக்கூடாது, அழிக்கவும் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீரர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் கல்லூரி கம்ப்ளையன்ஸ் ஆபீஸுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும், நேரில் சொன்னால் பதிவு இருக்காது. முகவரியைக் குறிப்பிட்டு மிரட்டினால் நேராகப் போலீஸ். பணம் அனுப்பும் ஆப்பில் முன்பின் தெரியாதவர்களின் கோரிக்கை வராதபடி அமைப்பை மாற்ற வேண்டும், யாருக்கு எதற்கு அனுப்பினோம் என்பது ஊருக்கே தெரிகிற மாதிரி சில ஆப்களில் இருக்கும், அதையும் மூடிவிட வேண்டும். திட்டுகிறவர்களைவிட இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள்தான் ஆபத்து. ஒருவன் மிகப் பணிவாக, "குவார்ட்டர்பேக் இன்னிக்கு பிராக்டிஸுக்கு வந்தாரா? சொன்னா 200 டாலர்" என்று எழுதியிருந்தான். பணம் வாங்காமல் சும்மா சொன்னால்கூட விதிமீறல். ஆட்டத்தின் போக்கை மாற்றுவது, உள் தகவல் கொடுப்பது என்று போனால் கல்லூரி விளையாட்டே நிரந்தரமாக முடிந்துவிடலாம். தொழில்முறை ஆட்டத்திலும் இதே கதைதான், 2024 ஏப்ரலில் தொழில்முறை பேஸ்கட்பால் லீகான என்.பி.ஏ., ஜான்டே போர்ட்டர் என்ற வீரரை வாழ்நாள் முழுக்க விலக்கி வைத்தது. அந்த மெசேஜுக்குப் பையன் பதில் போடவில்லை. அவன் செய்தவற்றில் எனக்கு இன்றும் ஆறுதலாக இருப்பது அதுதான்.

அக்டோபரில் அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அவன் அப்பா அப்போது கும்பகோணத்தில் இருந்தார், என் மாமனார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. தீபாவளி அன்று நான் இங்கே தனியாக ஒரு விளக்கு ஏற்றினேன். பையன் போன் செய்து இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிட்டான். அந்த மாதம்தான் பந்தயம் ஆரம்பித்திருக்கிறது. ரூம்மேட் டீமில் இல்லாத சாதாரண மாணவன், 21 வயது, சட்டப்படி கணக்கு வைத்திருந்தான். இவன் ரூம்மேட்டுக்குப் பணம் அனுப்புவான், அவன் கட்டுவான். முதலில் 20 டாலர், என்.எஃப்.எல். ஆட்டங்கள். பிறகு என்.பி.ஏ. தொடங்கியதும் ஒவ்வொரு இரவும். ஆட்டம் நடக்கும்போதே அடுத்த கால்பகுதியில் யார், அடுத்த கூடை யார் என்று கட்டுகிற வகை. மாதக் கடைசியில் ஒரே இரவில் 600 போயிருக்கிறது. "எல்லாரும் என்னை வெச்சு சம்பாதிக்கறாங்கம்மா, நானும் கொஞ்சம் எடுத்தா என்னன்னு தோணுச்சு" என்றான் பின்னால். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விதி மாறிவிட்டது என்று அவன் நிஜமாகவே நம்பினான். இதில் அவனை முழுதாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. என்.சி.ஏ.ஏ. அந்த அக்டோபரில்தான் வீரர்கள் தொழில்முறை விளையாட்டுகளில் பந்தயம் கட்டலாம் என்று அனுமதிக்க முடிவு செய்தது. நவம்பர் 1 முதல் அமல் என்றார்கள், பிறகு 22-க்குத் தள்ளினார்கள், அதற்குள் டிவிஷன் 1 கல்லூரிகளில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்ததால் மொத்தமாக ரத்து. ஆக, அனுமதி ஒரு நாள்கூட நடப்புக்கு வரவே இல்லை. பையன்கள் தலைப்பை மட்டும் பார்த்தார்கள். செய்தியில் வருவது விதி இல்லை, கம்ப்ளையன்ஸ் ஆபீஸ் எழுத்தில் கொடுப்பதுதான் விதி என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். இப்போது உள்ளபடி, என்.சி.ஏ.ஏ. நடத்தும் எந்த விளையாட்டாக இருந்தாலும், கல்லூரி ஆட்டமோ தொழில்முறை ஆட்டமோ, பணம் கட்டக்கூடாது. நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்துக் காசு போட்டு ஆடும் பேன்டஸி லீக், மார்ச் மாதம் பேஸ்கட்பாலுக்கு ஆளுக்கு 10 டாலர் போட்டுக் கணிக்கும் அட்டை, எல்லாம் இதில் அடங்கும். ஒரு வீரர் எவ்வளவு எடுப்பார் என்று கணித்துக் காசு கட்டும், 18 வயதிலேயே சேரலாம் என்று விளம்பரம் செய்யும் பிக்கெம் ஆப்களும்தான்.

நவம்பர் முதல் வாரம் கம்ப்ளையன்ஸ் ஆபீஸ் இவனைக் கூப்பிட்டது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நீ கோவிச்சுக்காத" என்று ஆரம்பித்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை, கை கால் உதறல் எடுத்தது. மறுநாள் காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போன் போட்டேன். மிக மரியாதையாக ஒரு பெண் சொன்னார், மாணவர் தகவலைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி மாணவரைப் பற்றி எதுவும் பேச முடியாது, மாணவர் எழுதிக் கொடுத்தால்தான் முடியும். கட்டணம் கட்டுவது நான், ஆனால் என் பிள்ளை என்ன சிக்கலில் இருக்கிறான் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. போனை வைத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அந்த அனுமதிப் படிவம் ஒரே பக்கம், ஆன்லைனில் இரண்டு நிமிட வேலை. கல்லூரியில் சேரும் முதல் வாரமே பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிடுங்கள். விளையாட்டுத் துறைக்குத் தனிப் படிவம் இருந்தால் அதையும்.

வக்கீல் தேடியது அடுத்த பாடு. குடும்ப நண்பர் ஒருவர் சொன்ன வக்கீல் குடியேற்ற வழக்கு பார்ப்பவர், நல்ல மனிதர், "இது என் ஏரியா இல்லைம்மா" என்று நேர்மையாகச் சொல்லி, கல்லூரி விளையாட்டு விசாரணைகளில் பழகிய ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். அவர் சொன்ன முதல் விஷயம், எதையும் அழிக்காதே. ரூம்மேட் ஏற்கெனவே "சாட் எல்லாத்தையும் டெலிட் பண்ணிடு" என்று மெசேஜ் போட்டிருந்தான், அந்த மெசேஜே சாட்சியாகிவிட்டது. இரண்டாவது, பொய் சொல்லாதே, பந்தயம் கட்டியதைவிட அதை மறைத்ததற்குத் தண்டனை பெரிதாக இருக்கும். மூன்றாவது, வக்கீல் இல்லாமல் தனியாக உட்கார்ந்து பேசாதே. அடுத்தவர் பெயரில் உள்ள கணக்கு என்பதால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்பதுதான் என் பெரிய பயம். 2023-இல் அயோவா மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழக வீரர்கள் மீது இப்படித்தான் அடையாளத் திருட்டு, ஆவணத்தைத் திருத்தியது என்றெல்லாம் வழக்குப் போட்டார்கள். சிலர் வயது வராமல் பந்தயம் கட்டியதாக ஒப்புக்கொண்டு 645 டாலர் அபராதத்தோடு முடித்துக்கொண்டார்கள். சிலர் மேல் இருந்த வழக்கு 2024 மார்ச்சில் தள்ளுபடி ஆனது, வாரன்ட் இல்லாமல் அவர்கள் இருப்பிடத் தகவலைத் தோண்டியது பிரச்சினை ஆனதால். இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குப் படித்துக்கொண்டிருப்பேன். எங்களுக்குப் போலீஸ் வரை போகவில்லை.

முடிவு எப்படி எடுக்கிறார்கள் என்பதை வக்கீல்தான் விளக்கினார். 2023-இல் என்.சி.ஏ.ஏ. வெளியிட்ட வழிகாட்டியின்படி, சொந்த டீமோ சொந்தக் கல்லூரியோ சம்பந்தப்படாத பந்தயங்களுக்குத் தொகையை வைத்துத்தான் கணக்கு. மொத்தம் 200 டாலருக்குள் என்றால் விதிகள் பற்றிய வகுப்பு, 500 வரை சீசனில் 10 சதவீதம், 800 வரை 20, அதற்கு மேல் 30 சதவீதம் ஆட்டத்துக்கு வெளியே. கவனியுங்கள், இது தோற்ற தொகை இல்லை, கட்டிய தொகை. நூறு டாலரை ஜெயித்து ஜெயித்து மறுபடி மறுபடி கட்டினால் கைநஷ்டம் இல்லாமலேயே 800-ஐத் தாண்டிவிடலாம். எங்களுக்கு 12 ஆட்டத்தில் நாலு. மீதியிருந்த மூன்று ஆட்டமும் போச்சு, இந்த சீசனின் முதல் ஆட்டமும் சேர்த்தி. சொந்தக் கல்லூரியின் ஆட்டத்தில் ஒரு டாலர்கூட இவன் கட்டியிருக்கவில்லை. கட்டியிருந்தால் நான் வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன். அந்த ஆறாவது பக்கத்து வரியின்படி டிசம்பர் முதல் ஜூன் வரை ஏழு மாதப் பணம் நின்றது, 10,500.

அவன் அப்பாவிடம் முதலில் பாதிதான் சொன்னேன். முழுசாகச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம், "இங்க போன ஆகஸ்டுல பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்தையே தடை பண்ணிட்டாங்க, அங்க டிவியில விளம்பரம் போடறாங்களே" என்றார். பையனைத் திட்டவில்லை. குளிர்கால விடுமுறைக்கு வந்தபோது இவன் போனில் ஸ்கோர் பார்க்கும் ஆப்பைத் திறந்தாலே கை அடுத்த ஆப்பைத் தேடுவதைப் பார்த்தேன். இது பணப் பிரச்சினை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1-800-426-2537 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டோம், சூதாட்டப் பழக்கத்துக்கான உதவி எண், இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை, குடும்பத்தாரும் பேசலாம். அவர்கள் மூலம் ஒரு கவுன்சிலர் கிடைத்தார். டீமின் மனநல ஆலோசகரிடம் போகாமல் வெளியாளைப் பார்த்தது அவன் விருப்பம், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மாநிலத்தின் சுயவிலக்குப் பட்டியலில் தானே பெயரைப் பதிந்துகொண்டான், அதில் இருந்தால் மாநில அனுமதி பெற்ற கம்பெனிகள் கணக்குத் திறக்க விடக்கூடாது. சில பேங்குகளில் கேட்டால் சூதாட்டக் கம்பெனிகளுக்குப் பணம் போவதை அட்டையிலேயே தடுத்துவிடுவார்கள். ஆனால் ரூம்மேட் வழியாகப் போகும் பணத்தை எந்த பேங்கும் தடுக்காது. ஜனவரியில் அறையை மாற்றிக்கொண்டான். முன்கூட்டியே காலி செய்ததற்கு வாடகையில் ஒரு மாதம் போனது, அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து டென்னிஸ், ஸ்குவாஷ், நீச்சல் என்று ஸ்காலர்ஷிப்பில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை தனியாக. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு என்.ஐ.எல். பணம் வேறு கதை. அமெரிக்க மண்ணில் விளம்பரத்துக்கு நடித்துக் கொடுப்பது, கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குவது எல்லாம் அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிடலாம், போவது ஆட்டம் இல்லை, விசா. டீமில் மற்றவர்கள் வாங்குகிறார்களே என்று பிள்ளைக்குத் தோன்றும். கோச், "பார்த்துக்கலாம்" என்பார். அவருக்கு விசா விதி தெரியாது. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பிறகு குடியேற்ற வக்கீலிடமும் கேட்டுவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

இவனுக்குப் புது ஒப்பந்தம் போன வாரம் வந்தது. மாதம் 1,100, முன்பைவிடக் குறைவு. இந்த முறை மெயிலை எனக்கும் வக்கீலுக்கும் அவனே அனுப்பினான். கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம் என்ற வரியை அடித்துவிட்டு, காயத்தால் ஆட முடியாமல் போனால் பணம் நிற்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்து வக்கீல் திருப்பி அனுப்பியிருக்கிறார். கல்லூரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.